மந்திரப் புத்தகம் செய்யும் பட்டறை: தாளுக்கு முழு மார்க், பூட்டுக்கு இல்லை

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற பக்கம், சாலையை விட்டு உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் ஒரு பழைய நெல் மில் கட்டடத்தில் நடக்கிறது இந்தப் பட்டறை. வாசல் போர்டு தமிழிலும் மலையாளத்திலும் இருக்கிறது. உள்ளே பேச்சு முக்கால்வாசி தமிழ். கையால் காகிதம் போடுகிறார்கள், அந்தக் காகிதத்திலேயே புத்தகமும் கட்டுகிறார்கள். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கற்பனை உலகத்து ஆட்கள்: பொள்ளாச்சிப் பக்கம் ஷூட்டிங் வரும் ஆர்ட் டிபார்ட்மென்ட், நாடகக் குழுக்கள், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி அரக்கனைத் துரத்தும் கல்லூரிப் பிள்ளைகள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மந்திரவாதி எழுதி ஒளித்துவைத்த மாதிரி ஒரு புத்தகம் வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள்.

போட்டோவில் கண்ணைப் பறிப்பது தடித்த தோல் அட்டை, பித்தளைப் பூட்டு, கருகிய ஓரம். இந்த மூன்றும்தான் இங்கே சுமார். போட்டோவில் தெரியாத தாள் முதல் தரம். இதைத் தெரிந்துகொண்டு ஆர்டர் கொடுத்தால் பணம் வீணாகாது.

தாளில் அவர்கள் ஜெயிப்பது கூழ்த் தொட்டியில் அல்ல, அதற்கும் முன்னால், துணி பிரிக்கிற திண்ணையில். திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. கைக்காகிதத்துக்கு நம் பக்கத்தில் இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. புதுத் துணி, மரக்கூழை மஞ்சளாக்கும் லிக்னின் இதில் இல்லை, சாயம் ஏறாத கோராவும் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், இப்போதைய பனியன் துணியில் லைக்ரா கலந்திருக்கிறது. துணியை அரைத்துக் கூழாக்கும் பீட்டரில் லைக்ரா அரைபடாது. ரப்பர் நூலாக நீண்டு, தாளில் மயிர் மாதிரிப் படுத்துக்கொள்ளும். பேனா நிப் போய் அதில் மாட்டும். பாலியெஸ்டர் தையல் நூலும் அதே ரகம். அதனால் துண்டு துண்டாகக் கையில் எடுத்து இழுத்துப் பார்க்கிறார்கள். "இது வேண்டாங் கண்ணு, இழுத்தா திரும்பிப் போகுது பாரு" என்று பிரிக்கிற அக்கா ஒரு துண்டை எறிவதற்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. சந்தேகம் வந்தால் நுனியைக் கொளுத்துகிறார். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு பஞ்சுச் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கட்டும்.

வெள்ளை வெளேரென்று இருக்கிற துண்டுகளைத் தனி மூட்டையில் போடுகிறார்கள். அதில் வெளுப்பேற்றும் பிரைட்னர் இருக்கும். சாதாரண வெளிச்சத்தில் அழகுதான். அல்ட்ரா வயலட் விளக்கில் சலவைத் தூள் விளம்பரம் மாதிரி நீலமாக மின்னும். பாழடைந்த அரண்மனையில் அப்படி மின்னுகிற மந்திரச் சுவடியை எந்த இயக்குநரும் ஏற்கமாட்டார். படத்துக்கு என்றால் "கோரா தாள்" என்றே கேளுங்கள். அதன் நிறம் தேங்காய்ப்பாலில் ஒரு சொட்டு டீ விட்ட மாதிரி இருக்கும்.

பிரித்த துணியை ஓர் அங்குலச் சதுரமாக நறுக்குகிறார்கள். இதைவிடப் பெரிதாக விட்டால் பீட்டர் உருளையில் கயிறாகத் திரித்துக்கொள்ளும். ஒரு ஈடுக்கு 10 கிலோ துணி, ஏறக்குறைய 450 லிட்டர் தண்ணீர், நாலரை மணி நேரம். உருளையை முதலிலேயே அடிவரை இறக்கிவிட்டால் இழை நைவதற்குப் பதிலாக வெட்டுப்படும். தாள் வழவழப்பாக இருக்கும், மடித்த இடத்தில் கிழியும். இவர்கள் அரை மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறார்கள். கண்ணாடி ஜாடியில் ஒரு சிட்டிகைக் கூழைக் கரைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முடிச்சு மிதக்கிறதா என்று பார்த்துத்தான் பீட்டரை நிறுத்துகிறார்கள். கடைசி அரை மணியில் 10 கிலோவுக்கு 250 கிராம் சுண்ணாம்புக்கல் மாவு சேருகிறது. காற்றிலிருந்தும் தொடுகிற கையிலிருந்தும் வரும் அமிலத்தை அது தின்றுகொண்டிருக்கும்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். பட்டறைத் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. பக்கெட்டில் ஒரு ராத்திரி வைத்தால் அடியில் செம்மண் நிறத்தில் படிகிறது. இதே தண்ணீரில் தாள் போட்டால் இரண்டு மழைக்காலம் கழித்துப் பழுப்புப் புள்ளி விழும். ஆழ்குழாய்த் தண்ணீரை ஓட்டை போட்ட குழாய் வழியாக மழை மாதிரி பொழியவிட்டு, காற்றுப் பட்டு இரும்பு வண்டலாக இறங்கிய பிறகு, மணலும் கரியும் போட்ட தொட்டி வழியாக எடுக்கிறார்கள். செலவு அதிகமில்லாத வேலை. செய்கிற பட்டறைகள்தான் குறைவு.

தொட்டியில் சல்லடைச் சட்டத்தை இறக்கி எடுக்கிறவருக்குக் கை பழகியிருக்கிறது. மேலே தூக்கினதும் முன்னும் பின்னும் ஒரு அசைப்பு, இடமும் வலமும் ஒரு அசைப்பு, நாலு எண்ணுவதற்குள் தண்ணீர் வடிந்து கூழின் பளபளப்பு மங்குகிறது. அந்த நேரத்தில் முழங்கையிலிருந்து ஒரு சொட்டு தாள்மேல் விழுந்தால் தீர்ந்தது: அந்த இடத்தில் இழை விலகி, வட்டமாக ஒரு மெல்லிய கண் விழும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அப்படி விழுந்ததை மூஞ்சியைச் சுளிக்காமல் தொட்டியிலேயே கவிழ்த்துக் கரைத்துவிடுகிறார். 22க்கு 30 அங்குலத் தாள்கள் பத்தைத் தனித்தனியாகத் தராசில் வைத்துப் பார்த்தோம். 120 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 120 கிராம் என்றால், ஒரு தாள் 51 கிராம் இருக்க வேண்டும். எட்டு தாள் 49க்கும் 53க்கும் நடுவில் நின்றது, ஒன்று 47, ஒன்று 55. கைவேலைக்கு இது நல்ல கணக்கு. வாங்கப் போகிறவர்கள் சமையல் தராசு ஒன்றை எடுத்துப் போனாலே போதும்.

நீர்க்குறி வேண்டுமென்றால் சல்லடையில் கம்பி வைத்துத் தைத்துத் தருகிறார்கள். யாளி உருவம் ஒன்று தயாராகவே இருக்கிறது. வெளிநாட்டுப் பறக்கும் பாம்பைவிட நம் கோயில் தூண் யாளி எவ்வளவோ மேல். மெல்லிய கம்பியாக வைக்கச் சொல்லுங்கள். தடித்த கம்பி வைத்தால் கோட்டின் மேல் கூழ் நிற்காமல், மடிக்கும்போது யாளியின் முதுகு வழியாகவே தாள் பிளக்கும்.

காய வைப்பதுதான் இந்த ஊரின் வரமும் தொல்லையும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மார்கழி, தை மாதங்களில் வீசுகிற வீச்சில் தாள் அரை நாளில் காய்ந்துவிடும். ஆனால் ஓரம் முதலில் காய்ந்து இழுத்துக்கொள்ள, நடு இன்னும் ஈரமாக இருக்க, தாள் அப்பளம் மாதிரி நெளியும். அதனால் பிரஸ்ஸிலிருந்து எடுத்த தாளை ஒற்றையாகத் தொங்கவிடாமல், நாலு நாலாக ஒட்டியபடியே கொடியில் போட்டு, காற்றடிக்கிற பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுகிறார்கள். மெதுவாகக் காய்ந்தால் தட்டையாகக் காயும். ஆடி மாதத்தில் கதை வேறு. மூன்று நாள் ஆனாலும் தாள் சில்லென்றே இருக்கும்.

இங்கேதான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிற ஒரு விஷயம் வருகிறது. "மை ஊறுகிறது" என்று இந்தத் தாளைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் உண்டு. கூழிலேயே கலக்கும் ஏகேடி என்ற நீர்விலக்கியைப் பயன்படுத்துகிறார்கள். பழைய படிகாரம்-குங்கிலியம் முறையைப் போல இது தாளில் அமிலம் ஏற்றாது, நல்ல தேர்வு. ஆனால் மில்லில் சூடான உருளைமேல் காய்வது போல இங்கே தாள் காய்வதில்லை. கொடியில் காய்கிற தாளில் ஏகேடி இழையோடு பிணைய நாள் பிடிக்கும். மூன்றாம் நாள் எழுதினால் மை வேர்விடும். அதே தாளில் இரண்டு வாரம் கழித்து எழுதினால் கோடு கம்பி மாதிரி நிற்கும். அதே ஈடில் எடுத்த இரண்டு தாளில் ஒரே பேனாவால் எழுதிப் பார்த்ததில் வித்தியாசம் கண்கூடு. தொட்டெழுதும் கட்டை நிப்புக்கு இன்னும் கெட்டி வேண்டுமென்றால், மூன்று சதவீத ஜெலட்டின் கரைசலில் முக்கியெடுத்துத் தருகிறார்கள்; தாளுக்கு 15 ரூபாய் கூடுதல், கொடுக்கலாம்.

வாழைநார்த் தாளும் உண்டு. நேந்திரன் தண்டை உரித்து, சோடா போட்டு வேகவைத்துச் செய்கிறார்கள். கண்ணாடி போல வெளிச்சம் ஊடுருவும், பார்க்க அழகு. ஆனால் பக்கம் புரட்டினால் முறுக்குப் பொட்டலம் பிரிக்கிற சத்தம். ஸ்பாட்டிலேயே ஒலி பதிவு செய்யும் படத்துக்கு இதைத் தொடாதீர்கள், வசனம் கேட்காது.

பழசாக்குவதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள்: டீத்தூள் டிகாஷன், கடுக்காய்த் தண்ணீர். டீ சுலபம், ஆனால் எல்லாத் தாளும் ஒரே பிஸ்கட் நிறம். கடுக்காய் கொடுக்கும் மஞ்சள் கலந்த பழுப்புதான் உண்மையான பழைய தாள் போல இருக்கிறது. கடுக்காயை இரும்புச் சட்டியில் மட்டும் காய்ச்சக்கூடாது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை; நம் பாட்டன்மார் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய அதே கணக்கு. ஒரு முறை ஒரு கட்டு சாம்பல் நிறத்தில் வந்திருந்ததற்குக் காரணம் சட்டி. இப்போது எவர்சில்வர் அண்டாவில் காய்ச்சுகிறார்கள். கருகிய ஓரம் கேட்டால் கேஸ் விளக்கால் பொசுக்கித் தருகிறார்கள். வேண்டாம். எரிந்த இழை பொடியாக உதிர்ந்துகொண்டே இருக்கும், நடிக்கிறவர் கை, வேட்டி, மேசை எல்லாம் கரி. கெட்டி டிகாஷனை ஓரத்தில் மட்டும் பிரஷ்ஷால் இரண்டு மூன்று தடவை ஏற்றினால் கேமராவுக்கு அதே தோற்றம், உதிராது. கேட்டால் செய்கிறார்கள், அவர்களாகச் சொல்வதில்லை.

இனி பைண்டிங். குறை எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

அவர்களின் வழக்கமான புத்தகம் ஏழரைக்குப் பதினொன்று அங்குலம். 22க்கு 30 தாளை மூன்று முறை மடித்தால் எட்டு இலை, பத்துத் தாளில் 80 இலை, 160 பக்கம். கணக்கு சுத்தமாக இருக்கிறது. ஆனால் 120 ஜிஎஸ்எம் தாளில் ஒரு மடிப்புக்கு, அதாவது ஒன்றாக மடித்துத் தைக்கிற ஒரு கட்டுக்கு, எட்டு இலை என்பது அதிகம். உள்ளே இருக்கும் இலை வெளியே துருத்தும், மடிப்பு மூலையில் சுருக்கம் விழும். அந்தக் கனத்துக்கு நாலு இலை மடிப்பாக இருபது மடிப்பு வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் முதுகுப் பக்கம் நூல் சேர்ந்து உப்பும்: அரை மில்லிமீட்டர் நூல் இருபது மடிப்பில் பத்து மில்லிமீட்டர். பிரஸ்ஸில் கொஞ்சம் அமுங்கினாலும் மீதி மிஞ்சும். மெல்லிய நூல் போட்டு, முதுகைச் சுத்தியலால் தட்டி உருட்டினால் அந்த உப்பலே அழகான வளைவாகிவிடும். இவர்கள் உருட்டுவதே இல்லை. தட்டை முதுகுதான். அதனால் இருபது மடிப்புப் புத்தகம் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. 80 ஜிஎஸ்எம் தாள் எடுத்து எட்டு இலை மடிப்பாகத் தைக்கச் சொல்வது இப்போதைக்குப் பத்திரமான வழி.

நூல் இன்னொரு குறை. சணல் மாதிரி நிறம் போட்ட நைலான். அறுகாது என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அறுகாது, உண்மை, தாளை அறுத்துவிடும். மெத்தென்ற பருத்தித் தாளில் நைலானை இழுத்து முடிந்தால், பத்துப் பதினைந்து முறை திறந்ததும் துளை நீண்டு கிழிய ஆரம்பிக்கும். நூல் தாளைவிட பலவீனமாக இருப்பதுதான் நல்ல பைண்டிங். நூல் போனால் மறுபடி தைக்கலாம். தேன்மெழுகு இழுத்த பருத்தி நூலோ லினன் நூலோ வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். நீங்களே நூல் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.

முதுகில் ஃபெவிகாலை இரண்டு கோட் தடவி, தோலை நேராக அதன் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள். புத்தகம் மேசையில் விரிந்து படுக்காது. கையை எடுத்ததும் மூடிக்கொள்ளும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விரிந்து கிடக்கும் மந்திரப் புத்தகம் என்று காட்சி எழுதியிருந்தால், இரண்டு பக்கமும் கல் வைக்க வேண்டியதுதான். முதுகுக்கும் தோலுக்கும் நடுவில் காகிதக் குழாய் வைத்து ஒட்டச் சொன்னால் முதுகு தனியாகவும் தோல் தனியாகவும் வளையும், பக்கம் தட்டையாக விழும். ஒரு புத்தகத்துக்கு அரை மணி நேர வேலை கூடும், அவ்வளவுதான். அட்டை ஒட்ட மைதாப் பசை காய்ச்சி, ராமபாணப் பூச்சிக்காக மயில்துத்தம் போடுகிறார்கள். காய்ச்சிய பதம் அருமை, கட்டியே இல்லை. துத்தம்தான் கை மீறுகிறது. முதல் பக்க ஒட்டுத் தாளில் லேசாகப் பச்சை தெரிகிறது, விஷமும்கூட. குழந்தைகள் ஆடுகிற ஆட்டத்துக்கு வாங்கினால் துத்தம் இல்லாத பசை கேளுங்கள், அலமாரியில் நாலு வசம்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தோல் பற்றி. 1.8 மில்லிமீட்டர் மாட்டுத் தோலை ஓரம் சீவாமல் அப்படியே மடித்து ஒட்டுகிறார்கள். போட்டோவில் கம்பீரம், கீலில் மட்டும் விறைத்து, அட்டையைத் திறக்கும்போதெல்லாம் முதல் மடிப்பையும் சேர்த்து இழுக்கிறது. 0.8 மில்லிமீட்டர் ஆட்டுத் தோல் இதற்குப் போதும். அதையும் ஓரத்தில் சீவி மெலிதாக்க வேண்டும். வைத்துப் பாதுகாக்கிற புத்தகமென்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நம் தோல்ஷாப்புகளில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் பெயர் பெற்றது. செருப்புக்கும் பைக்கும் பிரமாதம். ஆனால் புத்தக அட்டைக்கு அது சீக்கிரம் சிவந்து பொடியாகும் என்று லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் குழு 1905-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. காரணம் ஆவாரைத் துவர்ப்பின் ரகம்; காற்றிலிருக்கும் கந்தக அமிலத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். கடுக்காய் போட்ட தோல் இந்த விஷயத்தில் பொறுமைசாலி. ஷூட்டிங் முடிந்ததும் குடோனுக்குப் போகிற புத்தகத்துக்கு இந்தக் கவலை எதற்கு. பேரன் காலம் வரை வேண்டுமென்றால் தோலை விட்டுவிட்டு, காலிகோ துணி அட்டை போடச் சொல்லுங்கள். 600 ரூபாய் மிச்சம்.

பித்தளைப் பூட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. ஐரோப்பாவில் பழைய புத்தகங்கள் ஆட்டுத்தோல், கன்றுத்தோல் பக்கங்களில் எழுதப்பட்டவை. ஈரக் காற்றில் தோல் பக்கம் உப்பி நெளிந்து அட்டையையே தள்ளித் திறக்கும். அதை அடக்க வந்தது பூட்டு. பருத்தித் தாள் அப்படித் திமிறாது. இங்கே பூட்டு வெறும் நகை. அதுவும் இரண்டு ஆணியில் அட்டையில் அடித்திருப்பதால், 2 மில்லிமீட்டர் கிரே போர்டில் பிடிமானம் இல்லாமல் ஆடுகிறது. காட்சியில் மந்திரவாதி பூட்டைத் திறந்தே ஆக வேண்டுமென்றால் 3 மில்லிமீட்டர் போர்டு, ஆணிக்குப் பதில் பின்புறம் வாஷர் போட்ட ரிவெட் என்று சொல்லிவிடுங்கள்.

ஓலைச் சுவடியும் செய்து தருகிறார்கள், குடப்பனை ஓலையில். வேகவைத்து, நிழலில் காயவைத்து, தேய்த்து, துளையிட்டு, இரண்டு பக்கமும் மரக் கம்பை வைத்துக் கயிறு கோத்துத் தருகிறார்கள். நேர்த்தியான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

விலை: கோரா தாள் 120 ஜிஎஸ்எம் ஒன்று 60 ரூபாய், கடுக்காய் ஏற்றியது 75. காலிகோ அட்டைப் புத்தகம் 1,900, தோல் அட்டை 2,500, பூட்டோடு 3,100. படத்துக்கு எடுக்கிறவர்கள் ஒரே ஈட்டுத் தாளில் மூன்று பிரதியாகக் கேளுங்கள். அடுத்த ஈடு வேறு நிறத்தில் வரும், அதற்கு அவர்களைத் திட்ட முடியாது. எல்லை தாண்டிக் கோவைக்கோ சென்னைக்கோ மொத்தமாக எடுத்தால், சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போகும்போது சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில் போட்டே வாங்குங்கள். தாளைச் சுருட்டி அனுப்பச் சம்மதிக்காதீர்கள். இரண்டு பிளைவுட்டுக்கு நடுவில் தட்டையாகக் கட்டித் தருகிறார்கள், பார்சல் கூலி 150 ரூபாய்தான் கூடும்.

ஆர்டர் நெருக்கினால் நாலு நாளே ஆன தாளை எடுத்துப் புத்தகம் கட்டிவிடுகிற பழக்கம் இருக்கிறது. மழைக்காலத்தில் அப்படிக் கட்டிய புத்தகத்தின் அட்டை, வீட்டுக்கு வந்து பத்து நாளில் படகு மாதிரி வளைகிறது. உள்ளே மையும் ஊறுகிறது. இதைத் தவிர்க்க அவர்களே ஒரு வசதி வைத்திருக்கிறார்கள், யாரும் கவனிப்பதில்லை: ஒவ்வொரு தாளின் இடது கீழ் மூலையிலும் தொட்டியிலிருந்து எடுத்த தேதி பென்சிலில் பொடி எழுத்தில் இருக்கிறது. மடிக்கக் கொடுக்கும் முன் கட்டைப் புரட்டி அந்தத் தேதியைப் பாருங்கள். பதினைந்து நாள் ஆகாத தாள் இருந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "இது அடுத்த வாரம் போதுங்க" என்று சொல்லுங்கள். மறுபேச்சுப் பேசாமல் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்கிறார்கள்.